பேசுகிற டீச்சர், நிற்கிற டீச்சர்

ஒவ்வொரு மூடியாகத் திறந்துகொண்டே போகிறார் ஃபாயிஸா டீச்சர். ஜன்னலோரம் போட்ட இரண்டு நீள பெஞ்சுகளில் ஏழு மடிக்கணினிகள். திறந்ததும் ஒரு பொத்தானைத் தட்டுகிறார். "வாங்க மக்கா, எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று முதல் பெட்டி கேட்கிறது. அது கேட்டு முடிப்பதற்குள் இரண்டாவது பெட்டி அதையே ஆரம்பிக்கிறது. பிறகு மூன்றாவது. ஒரே பெண்ணின் குரல், தன்னைத்தானே துரத்திக்கொண்டு, பெஞ்சின் கோடி வரைக்கும் ஓடுகிறது. வெயிலில் காயப்போட்ட துணி மாதிரி மொடமொடவென்று, சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும் குரல் அது. ஃபாயிஸாவின் குரல்தான். ஆனால் ஃபாயிஸாவின் உதடுகள் மூடியே இருக்கின்றன.

"சாப்பிட்டாச்சு டீச்சர்!" என்று பிள்ளைகள் பெட்டிகளைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஒருவர்கூட அவரைப் பார்ப்பதில்லை.

இலஞ்சியிலிருந்து குற்றாலத்து மலையடிவாரம் பார்த்துப் போகும் கிளைப்பாதை ஒன்றில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது அந்தத் தொடக்கப்பள்ளி. ஆசிரியர்கள் இரண்டே பேர். மூன்று முதல் ஐந்து வரை தலைமையாசிரியர் நல்லக்கண்ணு. ஒன்றும் இரண்டும் ஃபாயிஸா. ஆனி பிறந்துவிட்டால் மலை கண்ணுக்குத் தெரியாது. பகல் முழுவதும் சாரல் அடித்துக்கொண்டே இருக்கும். வகுப்பில் பன்னிரண்டு மணிக்கும் விளக்கு எரியும். பேச்சு நின்ற இடைவெளியில் எங்கோ தொலைவில் அருவி விழுகிற ஓசை சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும்.

தென்காசியில் ஃபாயிஸாவுக்கு அடுத்த வீடு என்னுடையது. அவர் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். ஒல்லியான உடம்பு, வேகமான நடை. முக்காட்டைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிச் செருகியிருப்பார். அறுவை செய்த தழும்பு அதற்குள் இருக்கிறது. பிள்ளைகளை அழைக்க வேண்டுமென்றால் எவர்சில்வர் தம்ளரில் மோதிரத்தால் இரண்டு தட்டு. ஆட்டோக்காரரை நிறுத்தக் கைதட்டல். காய்கறிக் கடையில் விரலால் காட்டி வாங்குவார். பேசியே ஆக வேண்டும் என்றால் முகத்தை நம் காதருகே கொண்டுவருவார். "காத்துதான் வருது. அதுல எழுத்தை ஒட்ட வச்சுப் பேசுதேன்" என்று முதல் தடவை எனக்குச் சொன்னபோது, பாதி எழுத்துகள் காற்றிலேயே நின்றுவிட்டன.

குரல் போவதற்கு ஒரு வருடம் முன்புதான் இந்தப் பெட்டிகள் வந்தன. பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த மடிக்கணினிகள், படிப்பு முடித்துக் கல்யாணமாகிப் போன பெண்களின் வீட்டுப் பரண்களில் தூசி பிடித்துக் கிடந்தன. ஃபாயிஸா வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கினார். அவருடைய சின்னம்மா மகன் உசாமா சென்னையில் கணினி வேலை பார்ப்பவன். பெருநாள் விடுமுறையில் வந்தவன் எல்லாவற்றையும் துடைத்து, சின்னப் பிள்ளைகளுக்கான இலவச மென்பொருள் ஒன்றை ஏற்றிக்கொடுத்தான். எண்ணுவது, எழுத்தைத் தேடுவது, படத்துக்கு வண்ணம் தீட்டுவது, மரத்துக்குப் பின்னால் ஒளிந்த விலங்கைக் கண்டுபிடிப்பது என்று விளையாட்டுகள்.

"லாத்தா, இதுக்குன்னு முதலாளி யாரும் கிடையாது. யாரும் எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாம். யாரும் கேக்க முடியாது" என்று அக்காவிடம் சொன்னான் உசாமா.

மாற்றத்தான் வேண்டியிருந்தது. பிள்ளைகள் தப்பாகத் தொட்டால், "தவறு. மீண்டும் முயல்க" என்று யாரோ ஒருவர் செய்தி வாசிப்பது போலச் சொன்னார். ஒன்றாம் வகுப்பு முழுக்கத் திரையில் முயலைத் தேடியது. "டீச்சர், முயலையே காணோம்" என்று ஒருத்தி அழுதேவிட்டாள். அன்று சாயங்காலம் ஃபாயிஸா உசாமாவிடம் கேட்டுக் குரலைப் பதியக் கற்றுக்கொண்டார். வீட்டில் சாரல் சத்தம் கேட்காமல் இருக்க, பீரோவைத் திறந்துவைத்துச் சேலைகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினார். "தப்புனா என்ன, நான் அடிக்கவா போறேன்? வா, இன்னொரு மட்டம் பாக்கலாம்." "எங்க ஒளிஞ்சிருக்க? வெளிய வா, பாப்போம்." பூனை, மாடு, யானை என்று விலங்குகளின் பெயர்கள். யானை என்று சொன்ன நொடியில் அடுப்படியில் குக்கர் விசிலடித்துவிட்டது. மறுபடி பதியச் சோம்பல்பட்டு அப்படியே விட்டார். அன்றிலிருந்து அந்தப் பள்ளியில் யானை என்றால், "யானை… உஸ்ஸ்ஸ்" என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். யானையின் மூச்சு என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த கோடையில் கழுத்தில் கட்டி தெரிந்தது. அது குரல் நரம்பைச் சுற்றிப் பின்னிக்கொண்டு வளர்ந்திருந்தது. கட்டியை எடுத்தால் குரல் போகலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே சொன்னார். எடுத்தார்கள், போனது. மூன்று மாத விடுப்பு முடிந்து பள்ளிக்கு வந்த அன்று, வகுப்பு வாசலில் நின்று வாயைத் திறந்தார் ஃபாயிஸா. காற்று வந்தது. பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவர் மறுபடி முயன்றார். பின்வரிசையில் ஒருத்தி பயந்துபோய் எழுந்து நின்றாள். ஃபாயிஸா நேரே ஜன்னலோரம் போய் முதல் பெட்டியைத் திறந்தார். "வாங்க மக்கா" என்றது அது. வகுப்பு மூச்சுவிட்டது.

அப்படித்தான் ஆரம்பித்தது. பதிந்து வைத்திருந்ததை வைத்தே அவர் பாடம் நடத்தினார். எந்தப் பெட்டியில் எந்த வரி என்று விரலுக்குத் தெரியும். ஒருத்தி சரியாகச் செய்தால் அவர் தான் நிற்கிற இடத்துப் பெட்டியில் ஒரு பொத்தானைத் தட்டுவார், "சபாஷ், சமத்து!" என்று வகுப்பின் இன்னொரு மூலையிலிருந்து கேட்கும். பார்க்க வந்த அதிகாரி ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சீக்கிரம் கிளம்பிவிட்டார்.

நல்லக்கண்ணு சாருக்கு அது பழகவேயில்லை. ஒருநாள் பிள்ளைகள் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம். ஃபாயிஸா குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். சார் ஆளில்லாத வகுப்பைத் தாண்டிப் போனார். உள்ளேயிருந்து, "எங்க ஒளிஞ்சிருக்க?" என்றது குரல். அவர் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "எங்க ஒளிஞ்சிருக்க? வெளிய வா, பாப்போம்." யாரும் விளையாடாமல் விட்டால் அந்த விளையாட்டு விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் சார் குழாயடிக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"டீச்சர், நீங்க இங்கன நிக்கீய. அங்கன உள்ள உக்காந்து பேசுதீய. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுட்டு. அதை அமத்திட்டு வாங்க."

பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பமே இல்லை. அவர்கள் கணக்கு தெளிவாக இருந்தது: டீச்சர் இரண்டு பேர். ஒருவர் நிற்கிற டீச்சர். அவர் சளி சிந்திவிடுவார், பென்சில் சீவுவார், அழுதால் மடியில் வைத்துக்கொள்வார். இன்னொருவர் பேசுகிற டீச்சர். அவர் பெட்டிக்குள் இருக்கிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். வீட்டுக்குப் போகும்போது, "போய்ட்டு வாரேன் டீச்சர்" என்று மூடியின் இடுக்கில் வாய்வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். விசைகளின் சந்தில் பிஸ்கட் தூளும் பொரிகடலையும் கிடந்தன. யாரோ ஊட்டியிருக்கிறார்கள். ஃபாயிஸா அதைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். "இதை எப்படிச் சொல்லி விளங்க வைக்க? சொல்லதுக்குத்தான் தொண்டை இல்லையே" என்று என் காதில் காற்றாகச் சிரித்தார்.

ஒன்றாம் வகுப்பில் ஜெயபிரியா என்று ஒருத்தி. அம்மா வள்ளித்தாய் வீட்டில் பீடி சுற்றுகிறவர். பிள்ளை அதிகம் பேசாது, எல்லாவற்றையும் கவனிக்கும். நிற்கிற டீச்சர் அடிக்கடி தண்ணீர் குடிப்பதை அது கவனித்திருக்கிறது. பேசுகிற டீச்சர் காலையிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறார், ஒரு மிடறுகூடக் குடிப்பதில்லை என்பதையும் கவனித்திருக்கிறது.

குரல் போன மறுவருடம், ஆடி மாதம் ஒரு மதியம், எல்லோரும் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, ஜெயபிரியா தன் தண்ணீர்ப் பாட்டிலோடு வகுப்புக்குள் வந்தாள். பேசிக்கொண்டிருந்த பெட்டியின் விசைகள் மேல் பொறுமையாக ஊற்றினாள். "தப்புனா என்ன, நான் அடிக்கவா—" என்று சொல்ல ஆரம்பித்த குரல் அப்படியே அறுந்தது. திரை கறுத்தது. இதை ஜன்னல் வழியாகப் பார்த்த இன்னொரு பிள்ளை பிற்பாடு சொன்னது: ஜெயபிரியா பெட்டியை உலுக்கினாளாம். காதை வைத்துக் கேட்டாளாம். பிறகு மூடியை மெதுவாகச் சாத்தி, அதன் மேல் தன் கைக்குட்டையை விரித்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாளாம்.

மணி அடித்தபோது அவள் இல்லை. வீட்டிலும் இல்லை. நனைந்த பெட்டியையும் விரித்த கைக்குட்டையையும் பார்த்த ஃபாயிஸா அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். தோப்புகளை ஒட்டி வாய்க்கால் ஓடுகிறது. சாரல் காலத்தில் அது கரை தொட்டு, செம்மண் நிறத்தில், சத்தமில்லாமல் போகும். ஊரே இறங்கித் தேடியது. "ஏட்டி ஜெயபிரியா! ஏட்டி!" என்று ஆளாளுக்குத் தோப்புக்குள் கத்தினார்கள். வள்ளித்தாய் வாய்க்கால் கரையோடு ஓடி ஓடிப் பார்த்தார். ஆண்கள் கம்பால் தண்ணீரைத் துழாவினார்கள். மணி நாலைத் தாண்டியது. மேகம் மலையிலிருந்து இறங்கி, தென்னை மரங்களின் தலைகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. பகலே இருட்டிவிட்டது. கத்தக் கத்தப் பிள்ளை இன்னும் உள்ளே பதுங்கும் என்று ஃபாயிஸாவுக்குத் தோன்றியது. அதைச் சொல்ல அவர் ஒவ்வொருவர் காதாகத் தேடி ஓட வேண்டியிருந்தது. யாரும் நின்று கேட்கவில்லை.

ஆலங்குளத்திலிருந்து லோடு ஆட்டோவில் காய்கறி கொண்டுவந்து விற்கும் ஸ்டான்லி அப்போது பாதையில் வந்து மாட்டிக்கொண்டார். வண்டிக் கூரையில் ஒலிபெருக்கி, "தக்காளி, கத்தரிக்கா, வெண்டைக்கா" என்று அவர் குரலிலேயே சொல்லிக்கொண்டிருந்தது. ஃபாயிஸா வண்டிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றார். ஸ்டான்லி இறங்கிக் காதைக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, உங்க சத்தத்தை நிறுத்திட்டு என் சத்தத்தைப் போடணும்."

"உங்களுக்குத்தான் சத்தம் இல்லியே டீச்சர்?"

ஃபாயிஸா பள்ளிக்குள் ஓடி, நனையாத ஒரு மடிக்கணினியை முக்காட்டுக்குள் வைத்து எடுத்துவந்தார். ஸ்டான்லி தன் செல்போனில் இருந்த கம்பியைப் பிடுங்கி அதில் செருகி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி வாய்க்கால் கரையில் நடை வேகத்தில் நகர்ந்தது. முன்னால் ஃபாயிஸா நடந்தார்.

"எங்க ஒளிஞ்சிருக்க? வெளிய வா, பாப்போம்."

தோப்பு முழுவதும் கத்தல் நின்றுவிட்டது. ஒரு வருடமாக அந்த ஊர்ப் பெரியவர்கள் கேட்காத குரல் அது. கடையில், பஸ்ஸில், வழியில் ஃபாயிஸா சிரித்துப் பேசிய குரல். வகுப்பறைச் சுவருக்குள் இருந்தது இப்போது மழைக்குள் வந்திருந்தது. "தப்புனா என்ன, நான் அடிக்கவா போறேன்? வா." மலையில் மோதி ஒரு நொடி கழித்து, "வா" என்று திரும்பி வந்தது. குரலுக்கு உரியவர் நனைந்த முக்காட்டோடு, வாயைத் திறக்காமல், முன்னால் நடந்துகொண்டிருந்தார். ஒரு தாய் தன் பிள்ளையைச் சேலைக்குள் இழுத்து மூடிக்கொண்டார். "எனக்கு ஸ்டீயரிங்கைப் பிடிச்ச கை சில்லிட்டுப் போச்சு. முன்னால போறது ஆளா, இல்ல பின்னால கேக்கது ஆளான்னு ஆயிட்டு" என்று ஸ்டான்லி என்னிடம் சொன்னார்.

ஸ்டான்லியின் நனைந்த விரலில் எந்தப் பொத்தான் அழுந்தியதோ, பெட்டி தானாக அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது. "பூனை" என்றது தோப்பு முழுக்க. "மாடு." பிறகு, "யானை." கூடவே அந்தக் குக்கர் விசில், ஒலிபெருக்கியில் பெருத்து, உஸ்ஸ்ஸென்று மரங்களுக்குள் பாய்ந்தது. அடிவாரத் தோப்புகளில் யானை இறங்குவது உண்டு. இரண்டு பேர் நிஜமாகவே ஓடினார்கள். ஸ்டான்லி அதை நிறுத்தக் கைநீட்டினார். ஃபாயிஸா திரும்பி ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

எங்கோ இடதுபக்கம், மோட்டார் ரூம் இருக்கும் திசையில், சின்னதாக, "உஸ்ஸ்ஸ்" என்று கேட்டது.

மோட்டார் ரூமுக்கும் சுவருக்கும் நடுவே, உரித்த தேங்காய்மட்டைக் குவியலுக்குள் உட்கார்ந்திருந்தாள். வாய்க்கால் அங்கிருந்து கை நீட்டும் தூரம். வள்ளித்தாய் பாய்ந்து தூக்கினார். பிள்ளை அம்மாவைப் பார்க்கவில்லை, ஃபாயிஸாவையும் பார்க்கவில்லை. வண்டிக் கூரையில் இருந்த ஒலிபெருக்கியைப் பார்த்துக் கேட்டது:

"டீச்சர் சாகலியா? நான் தண்ணி குடுத்துக் கொன்னுட்டேன்னு நினைச்சேன்."

அந்த வாரம் முழுக்க ஊருக்குள் அதே பேச்சு. பிள்ளை கிடைத்ததில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் வள்ளித்தாய் ஒருநாள் பள்ளி வாசலில் வந்து நின்றார். "டீச்சர், நீங்க பண்ணதுக்கு என் தோலைச் செருப்பாத் தைச்சுப் போடலாம். ஆனா அந்தச் சத்தம் மட்டும் வேண்டாம். சாயங்காலம் ஆனா தோப்புப் பக்கம் இருந்து வான்னு கேக்குது. எம்பிள்ளை எந்திச்சு வாசல் வரைக்கும் போகுது."

கடல் கடந்து தமாமில் வேலை பார்க்கும் கணவர் மன்சூருக்கு வேறு கவலை. பழைய பதிவெல்லாம் அவர் செல்போனிலும் இருக்கிறது. "அதை அழிச்சுராத. நீ கூப்பிட்டா எனக்குக் காத்துச் சத்தம்தான் கேக்குது. போனை வச்சுட்டு அதைத்தான் போட்டுக் கேக்கேன்" என்றாராம். இதை என்னிடம் சொல்லிவிட்டு ஃபாயிஸா தன் தொண்டையைத் தொட்டுக்கொண்டார். "எனக்கு நானே சக்களத்தியா வந்து சேந்திருக்கேன் பாருங்க." சிரித்தார்.

ஆவணியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, ஒரு மடிக்கணினியை நடுவில் வைத்து, பதியும் பொத்தானை அழுத்தினார். திரையில் கோடு ஒன்று நேராக ஓடியது. அதன்மேல் குனிந்து, தன் காற்றுக் குரலில், "வாங்க மக்கா" என்றார். கோடு லேசாக நடுங்கியது. அதைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். பெட்டியிலிருந்து காற்று வந்தது. பிள்ளைகள் பெட்டியையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒவ்வொருவரையும் பேசவைத்து, அவரவர் குரலை அவரவருக்கே போட்டுக் காட்டினார். பயமும் சிரிப்புமாக வகுப்பு அமளிப்பட்டது. பிறகு ஒவ்வொரு நாளும் இரண்டு வரி, மூன்று வரி என்று பழைய குரலை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார். இப்போது அங்கே பாடம் கேட்கப் பிள்ளைகள் பெட்டிக்கு நெருங்கி உட்காருகிறார்கள். வகுப்பில் ஊசி விழுந்தாலும் கேட்கிறது. நல்லக்கண்ணு சார் தாண்டிப் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார்.

கடைசியாக, "வாங்க மக்கா, எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்ற வரி மட்டும் பழையதாக மிஞ்சியிருக்கிறது. அதை மாற்றக் கை வரவில்லை என்றார். ஜெயபிரியா ஒருநாள் அவர் மடியில் சாய்ந்துகொண்டு கேட்டாளாம்: "அப்ப அந்த டீச்சர் எங்க போவாங்க?" ஃபாயிஸா அவள் தலையைத் தடவினார்.

போன வாரம் செங்கோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஃபாயிஸாவின் ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தோம். இலத்தூர் தாண்டியதும் பெரிய பாதையில் கூட்டம் என்று உள்பாதை ஒன்றில் திருப்பினார். அங்கே வழியோரம் ஒரு பள்ளி. அந்த ஊரும் எனக்குப் புதிது, அவருக்கும் புதிது. தூறல் விட்டிருந்தது. திறந்த ஜன்னலிலிருந்து பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல் வந்தது, மொடமொடவென்று, சிரிப்போடு: "தப்புனா என்ன, நான் அடிக்கவா போறேன்?"

ஸ்கூட்டர் தானாக நின்றது போலிருந்தது. குரல் பதிந்த அந்த விளையாட்டுகளை உசாமா தன் நண்பர்களுக்குக் கொடுத்திருக்கிறான். அவர்கள் இன்னும் யார் யாருக்கோ. எத்தனை ஊரில், எத்தனை ஜன்னலில் என்று இனி யாருக்கும் தெரியாது. ஃபாயிஸா என்ஜினை அணைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். முக்காட்டைக் காதிலிருந்து ஒதுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து, தெரியாத ஒரு பெண் பேசுவதைக் கேட்பது போலக் கேட்டார். உள்ளே யாரோ ஒரு பிள்ளை சரியாகச் செய்துவிட்டது போலிருக்கிறது. "சபாஷ், சமத்து!" என்றது குரல்.

இறங்கி நின்றிருந்த நான் மறுபடி சீட்டில் ஏறப் போனேன். ஃபாயிஸா வேண்டாம் என்று கையைக் காட்டினார். பாதை வளைந்து அந்தப் பள்ளி கண்ணுக்கு மறையும் வரை, என்ஜினைப் போடாமல், வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.